தேதி முடிந்த வெளிநாட்டுச் சரக்கு: கடையில் விற்கலாமா, வீட்டில் பயன்படுத்தலாமா?

கேள்வி: களியக்காவிளைக்கு அருகே சிறிய பலசரக்குக் கடை நடத்துகிறேன். பாறசாலைப் பக்கத்திலிருந்து ஒருவர் வாரந்தோறும் வேனில் வந்து, வெளிநாட்டு சாக்லேட், டின் மீன், பாதாம், பிஸ்தா முதலியவற்றைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். சிலவற்றில் தேதி முடிய இரண்டு மூன்று வாரமே இருக்கிறது, சிலவற்றில் முடிந்தே விட்டது. “பாரின் சாமான், ஆறு மாசம் கூடுதலா நிக்கும், ஒண்ணும் ஆகாது” என்கிறார். பில் எதுவும் தருவதில்லை. வாங்கி விற்கலாமா? இன்னொன்று வீட்டு விஷயம். துபாயில் வேலை செய்யும் என் கொழுந்தனார் கடந்த முறை வந்தபோது மாமியாருக்கு இரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் பெரிய டப்பாக்களில் கொண்டுவந்தார். தேதி முடிந்து ஏழு மாதமாகிறது. “வெளிநாட்டு மருந்து கெடாது” என்று மாமியார் தினமும் சாப்பிடுகிறார். அவர் கொண்டுவந்த பால்பவுடர் டின்னைத்தான் நாத்தனாரின் எட்டு மாதக் குழந்தைக்கும் கரைத்துக் கொடுக்கிறார்கள். அதில் தேதி அரபி எண்ணில் இருக்கிறது, வருடம் 2020 போலத் தெரிகிறது, ஆனால் டின் புதிதாக இருக்கிறது. மீதமுள்ள மாத்திரைகளை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளில் இரண்டுக்கு இன்றே பதில் தேவைப்படுகிறது என்பதால் அவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நாத்தனாரின் குழந்தைக்கு அந்தப் பால்பவுடரை இனி ஒரு கரண்டிகூடக் கொடுக்க வேண்டாம். மாமியாருக்கு இந்த வாரத்துக்குள் இரத்த அழுத்தத்தையும், வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். ஆனால் பழைய மாத்திரையை வெறுமனே நிறுத்திவிட்டு நாலு நாள் பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. அதே மருந்தை அதே அளவில் புதிதாக வாங்கி, பழையதை விடும் நாளிலேயே புதியதைத் தொடங்க வேண்டும். இரத்த அழுத்த மருந்துகளில் சிலவற்றைத் திடீரென்று நிறுத்தினால் அழுத்தம் முன்னைவிடக் கூடுதலாக ஏறும். டப்பாவின் மேல் எழுதியிருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராம் அளவையும் தெளிவாகப் படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வணிகப் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளிருக்கும் மருந்து இங்கே கிடைப்பதாகவே இருக்கும்.

இனி விவரத்துக்கு வருவோம். பெட்டியின் மேல் அச்சிடும் தேதி, தயாரிப்பாளர் சில நிபந்தனைகளோடு ஏற்றுக்கொள்ளும் பொறுப்பு. மூடி திறக்கப்படாமல் இருக்க வேண்டும், இத்தனை டிகிரிக்கு மேல் வெப்பம் படக்கூடாது, ஈரம் படக்கூடாது, வெயில் படக்கூடாது; இவ்வளவும் காக்கப்பட்டால் இன்ன நாள் வரை பொருளின் தரத்துக்குத் தான் பொறுப்பு என்கிறார் அவர். நிபந்தனை மீறப்பட்டால், அச்சிட்ட தேதி வருவதற்கு முன்பே அந்தப் பொறுப்பு முடிந்துவிடுகிறது. வெளிநாட்டுச் சரக்கில் நாம் பெரும்பாலும் தேதியை மட்டுமே பார்க்கிறோம். அந்தப் பெட்டி எந்தக் கிடங்கில் கிடந்தது, எந்தக் கோடையில் எந்த வண்டியில் வந்தது, ஏதாவது நேர்ந்தால் யாரைக் கேட்பது என்பவற்றைப் பார்ப்பதில்லை. என் கருத்தில் தேதி பாதிச் செய்திதான், பொருள் வந்த வழி மறுபாதி. உங்களுடைய எல்லாக் கேள்விகளுக்கும் இந்த இரண்டையும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

மருந்திலிருந்து தொடங்குகிறேன். தேதி முடிந்த மாத்திரை அனைத்தும் நஞ்சாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. அமெரிக்க இராணுவத்தின் மருந்துக் கையிருப்பை வைத்து 1986 முதல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு நடத்திவரும் சோதனைகளின் முடிவுகள் 2006இல் வெளியாயின. 122 வகை மருந்துகளைச் சோதித்ததில் 88 விழுக்காட்டுத் தொகுதிகள் (ஒரே தடவையில் தயாரான சரக்குகள்) தேதி முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் தரத்தோடு இருந்தன. உங்கள் மாமியாரோ கொழுந்தனாரோ இதை எங்கேனும் படித்திருந்தால், “பார்த்தீர்களா, ஒன்றும் ஆகாது” என்று சொல்லக்கூடும். ஆனால் அந்த மருந்துகள் பிரிக்கப்படாத மூலப் பெட்டியில், கட்டுப்படுத்தப்பட்ட வெப்பநிலையில் வைக்கப்பட்டவை என்பதையும், ஒவ்வொரு தொகுதியும் ஆய்வகத்தில் அளந்து பார்க்கப்பட்டது என்பதையும், ஒரே மருந்தின் தொகுதிகளுக்குள்ளேயே ஆயுள் வேறுபட்டது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். உங்கள் வீட்டு டப்பா விமானத்தில் பெட்டிக்குள் வந்து, நாள்தோறும் திறந்து மூடப்பட்டு, அடுக்களை அலமாரியில் இருந்தது. அந்தச் சோதனையின் முடிவு அதற்குப் பொருந்தாது.

நஞ்சாக மாறியதற்கும் சான்று இல்லாமல் இல்லை. காலாவதியாகிச் சிதைந்த டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகக் குழாய்கள் பழுதடைந்த செய்தி 1963இல் மருத்துவ இதழில் வெளியானது. அந்த மாத்திரையின் கூட்டுப்பொருள்கள் பின்னர் மாற்றப்பட்டன. என்றாலும் பழைய டெட்ராசைக்ளின் வகை மாத்திரை எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றே இன்றும் சொல்கிறோம்.

ஆனால் நான் அன்றாடம் அஞ்சுவது நஞ்சை அல்ல, மருந்து சத்தமில்லாமல் வலுவிழப்பதை. தலைவலி மாத்திரை வலுவிழந்தால் தலைவலி தீராது, நமக்குத் தெரிந்துவிடும். இரத்த அழுத்த மாத்திரை வலுவிழந்தால் எந்த அறிகுறியும் இருக்காது. நோயாளி நேரம் தவறாமல் விழுங்குவார், வீட்டார் நிம்மதியாக இருப்பார்கள், அழுத்தம் மட்டும் மாதக்கணக்கில் ஏறிக்கொண்டே இருக்கும். பக்கவாதம் வந்த பிறகு, “மாத்திரை ஒரு நாளும் விட்டதில்லையே டாக்டர்” என்று கண்கலங்கும் பிள்ளைகளிடம் என்ன சொல்வது? சர்க்கரைக்கும் இதே நிலைதான். தைராய்டுக்குக் கொடுக்கும் லெவோதைராக்சின் மாத்திரை வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் எளிதில் கெடும். அதில் சிறிய குறைவுகூட உடம்பில் தெரியும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையை மூலக் கண்ணாடிக் குப்பியிலிருந்து எடுத்து வேறு டப்பாவில் போட்டு வைத்தாலே மருந்து ஆவியாகிப் போய்விடும், ஆபத்து நேரத்தில் வாயில் வைக்கும்போது வெறும் மாத்திரைதான் கரையும். இன்சுலின் பிரிக்கப்படாதவரை 2 முதல் 8 டிகிரி வெப்பநிலையில் இருக்க வேண்டும். பிரித்துப் பயன்படுத்தத் தொடங்கினால், பெரும்பாலான வகைகளை நான்கு வாரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மீதியிருந்தாலும், அச்சிட்ட தேதியை நம்பி அதன் பிறகும் பயன்படுத்தக் கூடாது. கண் சொட்டு மருந்தும் திறந்து ஒரு மாதம்தான். அதில் மருந்து கெடுவதைவிடக் கிருமி சேர்வதே பெரிய அபாயம், சில வேளைகளில் பார்வையே போய்விடும். குழந்தைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கும் ஆன்டிபயாடிக் மருந்து ஒரு வாரம், சில வகை இரண்டு வாரம், அவ்வளவுதான். காலாவதியான ஆன்டிபயாடிக்கில் இன்னொரு தீங்கும் உண்டு: கிருமியைக் கொல்லப் போதாத வலுவோடு உள்ளே போய், அந்தக் கிருமியை மருந்தை எதிர்க்கப் பழக்கிவிடும்.

வளைகுடாவிலிருந்து வரும் மருந்துகளுக்கு என்றே தனியாகச் சில சொல்ல வேண்டும். உலக நாடுகளைத் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்துத்தான் மருந்தின் ஆயுளைச் சோதிக்கிறார்கள். வறண்ட வெப்பத்துக்கு ஒரு கணக்கு, ஈரமான வெப்பத்துக்கு வேறு கணக்கு. பாலைவனக் காற்றில் சிக்கலின்றி இருக்கும் மாத்திரை, இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்தில் அப்படி இருக்கும் என்று எண்ண முடியாது. அதிலும் பெரிய டப்பாவில் தளர்வாக வரும் மாத்திரைகள் மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஈரத்தை இழுத்துக்கொள்கின்றன. நம் ஊரில் ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனிப் பட்டையில் வருவது இதைக் கருதினால் பெரிய பாதுகாப்பு. டப்பாவுக்குள் இருக்கும் சிறு பொட்டலத்தை, “இது எதற்கு” என்று தூக்கிப்போடுகிறார்கள். ஈரம் உறிஞ்சுவதற்காக வைத்தது அது. ஆஸ்பிரின் டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால், ஈரம் பட்டு மருந்து சிதைந்துவிட்டது என்று பொருள். இத்தனை வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கும் மருந்துகள் குறைவு. நிறமும் வடிவமும் மாறாமலே வலுவிழப்பவைதான் அதிகம், ஆகையால் பார்த்து, முகர்ந்து முடிவு செய்ய முடியாது.

பெயர்க் குழப்பமும் உண்டு. வளைகுடா வீடுகளில் பனடால் இல்லாத பெட்டியைப் பார்ப்பது அரிது. அது வேறொன்றுமில்லை, நம் ஊர்ப் பாரசிட்டமால்தான். அதை இரண்டு போட்டுவிட்டு, காய்ச்சல் விடவில்லை என்று கடையில் வேறு பெயரில் பாரசிட்டமால் வாங்கி அதையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நன்றாக இருக்கும் பெரியவருக்கே ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போனால் கல்லீரலுக்கு ஆபத்து. மது அருந்துபவருக்கும் மெலிந்தவருக்கும் அந்த எல்லை இன்னும் குறைவு. அதே பெயரில் சளிக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வரும் வகைகளில் மூக்கடைப்பு மருந்தோ தூக்கம் தரும் மருந்தோ கலந்திருக்கும். மூக்கடைப்பு மருந்து மாமியாரைப் போன்றவர்களுக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால், அந்தப் பெட்டிகள் வீட்டில் இருந்தால் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.

குழந்தையின் பால்பவுடருக்கு வருகிறேன். வருடம் 2020 போலத் தெரிகிறது என்று எழுதியதோடு, எண்களைப் பார்த்து வரைந்தும் அனுப்பியிருந்தீர்கள், நல்ல காரியம் செய்தீர்கள். அரபி எண்களில் சுழியம் வெறும் புள்ளியாக இருக்கும். நாம் சுழியம் என்று படிக்கிற சிறு வட்டம் அங்கே ஐந்து. நம் 7 போலத் தோன்றுவது ஆறு, ஆங்கில வி போல இருப்பது ஏழு, அதைக் கவிழ்த்துப் போட்டால் எட்டு. நீங்கள் வரைந்ததில் இரண்டுக்குப் பின் புள்ளி, மறுபடி இரண்டு, பிறகு வட்டம் இருப்பதால் அது 2025. அதற்கு அடுத்து 7 போல இருப்பது ஆறாம் மாதம். வரிசையும் வலமிருந்து இடமாக இருக்கக்கூடும்: நாள் வலக்கோடியிலும் ஆண்டு இடக்கோடியிலும் வரும். இரண்டு தேதிகள் இருந்தால் பிந்தியதே முடியும் தேதி. ஆக, அந்த டின்னின் காலம் 2025 ஜூனில் முடிந்துவிட்டது. அமெரிக்கச் சரக்கில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 05/08 என்பது அங்கே மே 8, இங்கே ஆகஸ்டு 5. மாதமும் ஆண்டும் மட்டும் போட்டிருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை என்று கொள்ள வேண்டும்.

தேதி முடிந்த பால்பவுடரைப் பெரியவர் ஒருவர் தேநீரில் போட்டுக் குடித்துவிட்டால் நான் பதறமாட்டேன். கொழுப்பு காறி, சுவை கெட்டிருக்கும், வயிறு சற்றுக் கலங்கலாம். பச்சைக் குழந்தைக்கு அப்படி விட முடியாது. குழந்தைகளுக்கான பால்பவுடரில் தேதிக்குப் பிறகு வைட்டமின் முதலிய சத்துகள் பெட்டியில் எழுதியுள்ள அளவில் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை, அதையே நம்பி வளரும் உடம்புக்கு வேறு வழியில் அவை கிடைப்பதுமில்லை. பவுடர் கிருமியற்றது அல்ல என்பதும் பலருக்குத் தெரியாது. குரோனோபாக்டர் என்ற கிருமி உலர்ந்த பவுடரில் உயிரோடிருந்து, இளம் சிசுக்களுக்கு மூளைக்காய்ச்சல் வரை கொண்டுபோகும். அதனால்தான் பவுடரை, கொதித்து 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்கும் நீரில் கரைத்து, பிறகு ஆறவைத்துக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திறந்த டின்னை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதைவிட முக்கியமாக, உங்களிடம் இருப்பது சிசுக்களுக்கான பவுடர்தானா என்று பாருங்கள். வளைகுடாவிலிருந்து வரும் பெரிய டின்களில் பெரும்பாலானவை வீட்டுப் பயன்பாட்டுக்கான முழுக்கொழுப்புப் பால்பவுடர். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு அது முக்கிய உணவாகக் கூடாது. எட்டு மாதக் குழந்தைக்குத் தாய்ப்பாலோடு குழைந்த சாதம், பருப்பு, கேழ்வரகுக் கூழ், ஏத்தன்காய்ப் பொடிக் கூழ், மட்டிப்பழம் எல்லாம் கொடுக்கலாம். மட்டிப்பழம் நம் மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு ஊட்டிவந்த பழம். தாய்ப்பால் போதவில்லை என்றால் குழந்தை மருத்துவரைக் கேட்டு இங்கேயே புதிய டின் வாங்குங்கள். குழந்தையின் எடையையும் அங்கன்வாடியில் பார்த்துக் குறித்து வையுங்கள்.

வேன்காரரின் சரக்கில் எல்லாம் ஒரே தரத்து அபாயம் அல்ல. சாக்லேட் மேல் வெள்ளை படர்ந்திருப்பது வெப்பத்தில் கொழுப்பு உருகி மேலே வந்ததால்; உண்டால் தீங்கில்லை, ஆனால் அந்தப் பெட்டி சூட்டில் கிடந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அதே வண்டியில் வந்த மற்றப் பொருள்களும் அதே சூட்டில்தான் வந்திருக்கும். பாதாமும் பிஸ்தாவும் ஈரம் பட்டால் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். அது கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமானது, வறுத்தாலும் பொரித்தாலும் முழுதாக அழியாது. கடையில் கசந்த பிஸ்தாவைக் கழுவி வெயிலில் உலர்த்தி மறுபடி பொட்டலம் போடுவதைக் கண்டால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். டின் மீனில் டின் உப்பியிருந்தாலோ, ஒட்டில் நசுங்கியிருந்தாலோ, திறக்கும்போது பீறிட்டாலோ தேதி எதுவானாலும் சுவைத்துக்கூடப் பார்க்க வேண்டாம். பாட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சு நாக்கில் பட்ட அளவே போதும், கண் இமை தொங்கி, பேச்சுக் குழறி, மூச்சுத் தசைகள் வரை செயலிழக்கும். சூரை மீன் சூட்டில் கெட்டிருந்தால் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். சமைத்தாலும் அது போகாது. உண்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். மீன் ஒவ்வாமை என்று பலரும் நினைத்துக்கொள்வது பல நேரங்களில் இதுதான்.

பாதி விலைக்கு ஏன் கிடைக்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் விடை அதில்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் உணவு இறக்குமதி விதிகளின்படி, துறைமுகத்தில் விடுவிக்கப்படும்போது உணவுப் பொருளுக்கு அதன் ஆயுளில் 60 விழுக்காடு அல்லது மூன்று மாதம், இவற்றில் எது குறைவோ அது மீதமிருந்தால் போதும். இரண்டு ஆண்டு ஆயுளுள்ள டின் மூன்றே மாதம் மிச்சமிருக்கும்போதும் முறைப்படி உள்ளே வரலாம். மருந்துக்கு இந்தச் சலுகை இல்லை, பொதுவாக 60 விழுக்காடு மீதமிருந்தே ஆக வேண்டும். ஆக, முடியப்போகும் உணவுச் சரக்கு சட்டத்தின் வழியாகவே கொச்சிக்கும் தூத்துக்குடிக்கும் வந்து, பெரிய கடைகளில் விற்காமல் தேங்கி, கடைசி வாரங்களில் நம்மைப் போன்ற ஊர்களுக்குத் தள்ளப்படுகிறது. இதில் பயணிகளின் பெட்டியில் வருவதும் கலந்துவிடுகிறது. அது சொந்தப் பயன்பாட்டுக்கு என்பதால் உணவுத் தரச் சோதனைக்கு உட்படுவதில்லை, அதனாலேயே அதை விற்பனைக்கு வைக்கக் கூடாது.

முறையாக வந்த பொருளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) முத்திரையும், 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். இவற்றை இங்கே ஸ்டிக்கராக ஒட்ட அனுமதி உண்டு. முடியும் தேதியை ஸ்டிக்கராக ஒட்டவோ திருத்தவோ அனுமதி இல்லை. தேதி மட்டும் ஸ்டிக்கரில் இருந்தால் அதன் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். வயிற்றுப்போக்கோடு வந்த குடும்பம் ஒன்று என்னிடம் கொண்டுவந்த டின் இன்னும் நினைவிருக்கிறது. அடியில் தேதி பளிச்சென்று இருந்தது. சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தபோது அதற்குக் கீழே, தின்னரால் துடைத்தும் முழுதாகப் போகாத பழைய புள்ளியெழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. தொகுதி எண் ஒரு வடிவத்திலும் ஆண்டின் இலக்கங்கள் வேறு வடிவத்திலும் இருந்தன. பெரிய அட்டைப் பெட்டியின் தேதியும் உள்ளிருக்கும் ஒவ்வொரு பொட்டலத்தின் தேதியும் ஒன்றா என்று ஒப்பிட்டாலே பாதி மோசடி வெளிப்படும். அட்டைப் பெட்டியை மாற்றுவது எளிது, உள்ளே ஐம்பது பொட்டலங்களை மாற்ற யாருக்கும் பொறுமை இருக்காது.

உங்கள் கடைக்கு இதனால் நேரக்கூடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 27ஆவது பிரிவு, தேதி முடிந்த உணவை விற்கும் கடைக்காரரையே பொறுப்பாக்குகிறது. சரக்கைத் தந்தவர் யார் என்று அடையாளம் காட்ட முடியாவிட்டாலும் பொறுப்பு கடைக்காரருக்கே. பில் தராத வேன்காரர் அடுத்த வாரம் வராமலே போகலாம், நீங்கள் அதே இடத்தில் இருப்பீர்கள். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் குறைந்தது 7 ஆண்டுச் சிறையும், 10 இலட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. ‘இன்ன நாளுக்குள் உண்டால் நல்லது’ என்று இருக்கும் பிஸ்கட்டுக்கும் ‘இன்ன நாளோடு முடிந்தது’ என்று இருக்கும் பொருளுக்கும் வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வேறுபாட்டைத் தன் வீட்டுத் தட்டில் பார்த்துக்கொள்ளலாம், பிறருக்கு விற்கும்போது பார்க்கக் கூடாது. ஆகவே தேதி முடிந்ததை வாங்கவே வேண்டாம். முடியப்போவதை, பில்லும் உரிம எண்ணும் இருந்து, தேதிக்குள் விற்றுவிட முடியும் என்றால் மட்டும், வாங்குபவரிடம் தேதியைச் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுங்கள். தைலம், மாத்திரை என்று யார் கேட்டாலும் கடையில் வைக்காதீர்கள். மருந்து விற்கத் தனி உரிமம் வேண்டும். தேதி முடிந்த மருந்தை உரிமம் பெற்ற கடையே விற்கக் கூடாது.

எல்லையோரத்தில் ஒரு நடைமுறைச் சிக்கல்: புகாரை எந்த மாநிலத்தில் கொடுப்பது? பொருளைப் பாறசாலையில் வாங்கியிருந்தால் கேரள உணவுப் பாதுகாப்புத் துறைக்கும், களியக்காவிளையில் வாங்கியிருந்தால் நம் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுத வேண்டும். ‘புட் சேஃப்டி கனெக்ட்’ செயலி இரு மாநிலத்துக்கும் பொது. டின்னைத் தூக்கிப்போடாமல், தேதியும் தொகுதி எண்ணும் தெரியப் படமெடுத்து வையுங்கள். மருந்தால் ஏற்பட்ட தீங்கை 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். விற்பனையில் முறைகேடு என்றால் மருந்து ஆய்வாளரிடம் சொல்லுங்கள்.

மீதமுள்ள மாத்திரைகளைப் பட்டையோடும் டப்பாவோடும் குப்பையில் போடாதீர்கள். 2010இல் சென்னையில், கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போன காலாவதி மருந்துகள் பொறுக்கப்பட்டு, தேதி மாற்றப்பட்டு மீண்டும் கடைகளுக்கு வந்தது காவல்துறை விசாரணையில் வெளிவந்தது. குழித்துறை ஆற்றிலோ கிணற்றோரத்திலோ கொட்டவும் வேண்டாம். மருந்து நீரில் கலந்து மறுபடி நம்மிடமே வரும், ஆன்டிபயாடிக்காக இருந்தால் மண்ணிலுள்ள கிருமிகளும் அதை எதிர்க்கப் பழகும். கேரளத்தில் 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கிய ‘என்-ப்ரவுட்’ என்ற திட்டத்தில், வீடுகளில் தேங்கிய மருந்துகளைச் சேகரித்து முறையாக எரிக்கிறார்கள். நம் பக்கமும் அப்படியொன்று வேண்டும் என்று உங்கள் ஊராட்சியில் கேளுங்கள். மாநில எல்லைக்கு இப்பால் கொண்டுவந்து கழிவைக் கொட்டும் கொடுமையையும் நாம் பார்த்துவிட்டோம். 2024 டிசம்பரில் திருநெல்வேலிக்கு அருகே நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கொட்டப்பட்ட மருத்துவக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகே கேரளம் திரும்ப அள்ளிச் சென்றது. இப்போதைக்கு உங்கள் மருந்துக் கடைக்காரரோ அரசு மருத்துவமனையோ திரும்ப வாங்கிக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் மாத்திரைகளை டப்பாவிலிருந்து எடுத்து, பயன்படுத்திய தேயிலைத்தூளோடு கலந்து, பையில் இறுகக் கட்டிக் குப்பை சேகரிப்பவரிடம் தனியாகக் கொடுங்கள். டப்பாவின் ஒட்டுத்தாளைக் கிழித்துவிடுங்கள்.

மாமியாரிடம் இதையெல்லாம் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். கடல் கடந்து உழைக்கும் மகன் அம்மாவுக்கென்று சுமந்து வந்த மாத்திரை அது, அவரைப் பொறுத்தவரை அதைத் தூக்கிப்போடுவது மகனின் அன்பையே தூக்கிப்போடுவது. ஆகவே நீங்கள் சொல்வதைவிட உங்கள் கொழுந்தனாரே தொலைபேசியில், “அம்மா, அது தேதி முடிஞ்சுது, புதுசு வாங்கிக்கோங்க” என்று சொல்வது பலிக்கும். இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பதிந்துகொண்டால் வீட்டுக்கே வந்து தருகிறார்கள், அளவும் பார்த்துக் குறிக்கிறார்கள். இங்கே கிடைக்காத மருந்து ஏதாவது உண்மையிலேயே தேவைப்பட்டால், மருத்துவர் சீட்டின் படத்தை அவருக்கு அனுப்பி, கடையில் வாங்குவதற்கு முன்பே தேதியைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் ஒரே முறையில் வாங்க வேண்டாம். குளிர்ச்சியில் வைக்க வேண்டியதைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், சரக்கோடு போட்டால் உறைந்தோ கொதித்தோ கெட்டுவிடும்.

புதிய மாத்திரை தொடங்கி இரண்டு வாரம் கழித்து, மாமியாரின் இரத்த அழுத்தத்தை மூன்று வெவ்வேறு நாளில், ஐந்து நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பின் அளந்து, அந்த எண்களோடு மருத்துவரைப் பாருங்கள். தேதி முடிந்த மாத்திரையால் அழுத்தம் ஏறியிருந்ததால், போன மாதங்களில் யாராவது மருந்தின் அளவைக் கூட்டியிருக்கக்கூடும். அப்படியானால் வலு குறையாத புதிய மாத்திரையில் அதே கூடிய அளவு அழுத்தத்தை அளவுக்கு மீறி இறக்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ வைக்கும். இதையும் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.